முளைக்கொட்டுக்கு பாக்ஸ் கட்டிய இரவு

காரைக்குடியைச் சுற்றி எந்த ஊர்த் திருவிழாவுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். சாமி புறப்பாட்டுக்கு முன்னால் ஒரு டிராக்டர் போகும். டிரெய்லரில் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் பாக்ஸ் அடுக்கி, பின்னால் ஜெனரேட்டர் கட்டியிருப்பார்கள். அதற்கு முன்னால் ஊர்ப் பையன்கள் ஆடிக்கொண்டே போவார்கள். வேர்த்துக் கொட்டும், துண்டு சுழலும், தரையில் விழுந்து புரண்டு எழுவார்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அவர்களுடைய அக்கா தங்கைகள் திண்ணையிலும் வாசற்படியிலும் நின்று பார்ப்பார்கள். பாக்ஸின் அந்தக் கனமான அடித்தாளம் அவர்கள் நெஞ்சிலும்தான் இடிக்கிறது. கால் தன்னால் இரண்டு தட்டு தட்டும். அதற்குள் யாராவது பெரியவர் திரும்பிப் பார்ப்பார். அத்தோடு சரி.

இதைப் பற்றி எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் வீடு மைக் செட் வீடு. குழாய் ஸ்பீக்கரும் பாக்ஸும் ஒயரும்தான் எங்களுக்குச் சோறு போட்டன, என் படிப்புக்கும் பணம் கட்டின. சுற்றுப்பட்டு ஊர்களை எல்லாம் ஆட வைத்த அந்தச் செட்டுக்கு முன்னால் நான் ஒரு நாளும் ஆடியதில்லை. முதல்முறையாக ராத்திரியில், வெட்டவெளியில், பெரிய சத்தத்துக்கு நடுவில் ஆடியது சிங்கப்பூரில், கார் ரேஸ் நடந்த இரவு. அங்கே ஆடிய பிறகுதான் நம் ஊரில் என்னவெல்லாம் ஏற்கெனவே இருக்கிறது, எது மட்டும் இல்லை என்று கணக்குப் பார்க்கத் தோன்றியது.

அப்பா தொழிலுக்கு வந்த காலத்தில் பாக்ஸ் கிடையாது, குழாய்தான். அலுமினியக் குழாய், அதன் பின்பக்கம் திருகிப் பொருத்தும், சத்தத்தை உண்டாக்கும் யூனிட், ஓர் ஆம்ப்ளிஃபையர், ரெக்கார்ட் பிளேயர், கரண்ட் இல்லாத ஊருக்கு ஒரு பேட்டரி. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, புதுமனை என்று எதற்கும் முதல் ஆளாகப் போய்ப் புளியமரத்தில் ஏறிக் குழாயைக் கட்டுவார். வாயைக் கொஞ்சம் தரை பார்த்துச் சாய்த்துத்தான் கட்டுவார். மழைத்தண்ணீர் தேங்காது, சத்தமும் தலைக்கு மேலே போய் வீணாகாது. யூனிட் கருகிவிட்டால் வீட்டுக்குக் கொண்டுவந்து கழற்றுவார். உள்ளே அதிரும் டயாபிரம் என்கிற சவ்வு தாளைவிட மெல்லிசு. அதைச் சுற்றிய கம்பி, தலைமுடி கனம்தான் இருக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எங்கே அறுந்திருக்கிறது என்று கண்ணைச் சுருக்கித் தேடுவார். அந்த நேரத்தில் நாங்கள் பக்கத்தில் மூச்சுவிடக் கூடாது.

குழாய்ச் சத்தம் அடுத்த ஊர் வரை போகும். ஆனால் குழாய்ப் பாட்டுக்கு யாரும் எழுந்து ஆடியதாக எனக்கு நினைவில்லை. ஆட்டம் எல்லாம் நையாண்டி மேளத்துக்கும் பறைக்கும்தான். அதற்குக் காரணம் இயற்பியலில் இருக்கிறது. 50 ஹெர்ட்ஸ் என்கிற அடித்தாளத்தின் ஓர் அலை, காற்றில் கிட்டத்தட்ட 7 மீட்டர் நீளம். ஒன்றரை அடி வாயுள்ள குழாயால் அதை வெளியே தள்ளவே முடியாது. மனிதக் குரலும் நாதஸ்வரமும் புல்லாங்குழலும் பிரமாதமாகப் போகும். தவில் வெறும் தட்டலாகக் கேட்கும். காது கேட்கும், உடம்பு கேட்காது. 18 அங்குல ஸ்பீக்கர் வைத்த பாக்ஸ் எங்கள் பக்கம் வந்த பிறகுதான் செட்டுக்கு முன்னால் ஆடுகிற கூட்டம் உண்டானது. ஊர்த் தச்சரிடம் பிளைவுட் கொடுத்து அளவு சொல்லி பாக்ஸ் அடித்து வாங்குவார்கள். யாருடைய பாக்ஸ் அதிகம் இடிக்கும் என்று ஒவ்வொரு திருவிழாவுக்கும் ஒரு போட்டி நடக்கும்.

இதே கதை 1950களில் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரத் தெருக்களில் நடந்திருக்கிறது என்று பின்னால் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். அங்கேயும் காசு உள்ளவர்களுக்குத்தான் ஆர்கெஸ்ட்ரா கட்டுப்படியாகும். மற்றவர்களுக்குத் தெருவில் பெரிய பெரிய பெட்டிகள், ஒரு ஆம்ப்ளிஃபையர், ரெக்கார்ட் போடும் ஓர் ஆள். செட்டுக்குச் செட்டு போட்டி. பெட்டியைத் தச்சர்களே அடித்தார்கள். அந்த ஆட்கள் பிழைப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியபோது செட்டையும் கொண்டுபோனார்கள். பிற்பாடு இங்கிலாந்தில் வந்த ரேவ் என்கிற, விடிய விடிய ஆடும் இரவுகளின் பாக்ஸ் அடுக்குகள் அந்தக் கொடியில் பூத்தவைதான். ஆக, கிங்ஸ்டனில் இருந்த செட்டுக்காரரும் எங்கள் அப்பாவும் ஒரே தொழில். இதை நான் அப்பாவிடம் சொன்னேன். “அங்க வாடகை எவ்வளவாம்?” என்றுதான் முதலில் கேட்டார்.

ரேவ் என்றால் நம் ஆட்களுக்குப் போதை மருந்து, போலீஸ், கோவா. அதில் உண்மை இருக்கிறது. போதை மருந்து பல இளம் உயிர்களைக் கொண்டுபோயிருக்கிறது, அதை நான் மூடி மறைக்கப் போவதில்லை. ஆனால் அந்த ஆட்டம் எங்கிருந்து கிளம்பியது என்று பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது. 1977இல் சிகாகோவில் வேர்ஹவுஸ் என்று ஒரு கிளப் திறந்தார்கள். ஃபிராங்கி நக்கிள்ஸ் அங்கே ரெக்கார்ட் போட்டார். வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் ஆண்கள், அதிலும் தன்பாலின ஈர்ப்புள்ளவர்கள். வெளியில் எங்குமே அவர்களால் நிம்மதியாக ஆட முடியாது. தங்களை யாரும் முறைக்காத ஒரு தரை அவர்களுக்குத் தேவைப்பட்டது. ஹவுஸ் என்கிற ஆட்ட இசை அந்தத் தரையில் பிறந்தது. இந்த ஒரு விஷயத்தை மறந்துவிட்டு ரேவ் பற்றி எவ்வளவு பேசினாலும் அது பாதிப் பேச்சுதான்.

டெட்ராய்ட் கதை எனக்கு இன்னும் பிடிக்கும், ஏனென்றால் அதில் கார் வருகிறது. கார் தொழிற்சாலைகளின் நகரம் அது. அதன் புறநகரான பெல்வில்லில் ஒன்றாகப் படித்த ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்ற மூன்று கறுப்பின இளைஞர்கள் 1980களில் டிரம் மெஷினையும் சிந்தசைசரையும் வைத்து டெக்னோ என்கிற ஆட்ட இசையை உண்டாக்கினார்கள். 1982 முதல் 1988 வரை அதே டெட்ராய்ட் நகரத் தெருக்களில் ஃபார்முலா ஒன் ரேஸ் நடந்தது. கடைசி மூன்று வருடமும் அயர்டன் சென்னாதான் ஜெயித்தார். அந்த ரேஸ் நின்றுபோன 1988இல்தான் டெட்ராய்ட் டெக்னோ பாட்டுகளைத் தொகுத்து இங்கிலாந்தில் ரெக்கார்டாக வெளியிட்டார்கள். உலகம் அந்த இசைக்கு டெக்னோ என்று பெயர் வைத்துக் கூப்பிட ஆரம்பித்தது அதற்குப் பிறகு. ரேஸ் கார் ஊரை விட்டுப் போன வருடம், அந்த ஊரின் தாளம் உலகத்துக்குப் புறப்பட்டிருக்கிறது.

இங்கிலாந்தில் அந்தத் தாளம் ரோட்டோடு சேர்ந்துகொண்டது. லண்டனைச் சுற்றி எம்25 என்ற நெடுஞ்சாலை 1986இல் முழுசாக முடிந்தது. அதன் ஓரத்து வயல்களிலும் கிடங்குகளிலும் ரேவ் நடக்கும். எங்கே என்பது கடைசி நேரம் வரை யாருக்கும் தெரியாது. ஒரு போன் நம்பரைக் கூப்பிட்டால் பதிவு செய்த குரல் வழி சொல்லும். பெட்ரோல் பங்கில் கார்கள் கூடும், பிறகு வரிசையாகக் கிளம்பும். 1992 மே மாதம் காசில்மார்ட்டன் என்ற பொது நிலத்தில் பல்லாயிரம் பேர் கூடி நாள்கணக்கில் ஆடியதும் அரசு விழித்துக்கொண்டது. 1994இல் வந்த சட்டம், இரவில் வெட்டவெளியில் 100 பேரோ அதற்கு மேலோ கூடி ஒலிபெருக்கி வைத்து ஆடினால் கலைக்கப் போலீசுக்கு அதிகாரம் கொடுத்தது. எந்த மாதிரி இசை என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள்: திரும்பத் திரும்ப ஒன்றன்பின் ஒன்றாக வரும் தாளத்தைப் பிரதானமாகக் கொண்டது. அந்த வரியைப் படித்ததும் எனக்கு எங்கள் அப்பத்தாவின் கும்மிதான் ஞாபகம் வந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் சிங்கப்பூர்.

ஃபார்முலா ஒன் வரலாற்றில் இரவில் நடந்த முதல் ரேஸ் சிங்கப்பூரில்தான், 2008இல். ஃபெர்னாண்டோ அலோன்சோ ஜெயித்தார். ராத்திரி வைத்ததற்குக் காரணம் ஐரோப்பாவில் டிவி பார்ப்பவர்கள். இங்கே இரவு எட்டு மணி என்றால் அங்கே மதியச் சாப்பாட்டு நேரம். ஊருக்குள் தினமும் பஸ் ஓடும் ரோட்டை அடைத்து, சுமார் 1,500 விளக்குகள் கட்டிப் பகலாக்கிவிடுகிறார்கள். ஓட்டுபவர்கள் தங்கள் உடம்பை ஐரோப்பிய நேரத்திலேயே வைத்துக்கொள்வார்கள். விடியும் நேரத்தில் படுத்து, பிற்பகலில் எழுந்து காலைச் சாப்பாடு சாப்பிடுவார்கள். அந்தப் புழுக்கத்தில் ஒரே ரேஸில் இரண்டு மூன்று கிலோ எடை போய்விடும்.

எங்கள் பக்கத்திலும் ரேஸ் உண்டு, நேரம்தான் வேறு. சிவகங்கை மாவட்டத்தில் மாட்டுவண்டிப் பந்தயம் காலையில் நடக்கும். பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவு உண்டு. போய்வர இத்தனை மைல் என்று தூரம் வைப்பார்கள். முந்தின ராத்திரி முழுக்க ஊர் தூங்காது, பருத்திக்கொட்டை அரைக்கிற வீட்டில் விளக்கு எரியும். அதனால் ரேஸும் ராத்திரியும் எனக்குச் சின்ன வயதிலிருந்தே சேர்ந்த விஷயங்கள்தான்.

வேலைக்காகச் சிங்கப்பூர் போன பிறகு, கூட வேலை பார்த்த பெண்கள் நின்று பார்க்கும் டிக்கெட் எடுத்தார்கள், நானும் சேர்ந்துகொண்டேன். கார்கள் பார்வைக்குக் கிடைப்பது ஒரு நொடிதான். சத்தம்தான் ரேஸ். அது வருவதற்கு முன்பே தடுப்புக் கம்பியில் கை வைத்தால் அதிர்வு தெரியும். ரேஸ் முடிந்ததும் கூட்டம் அப்படியே பாடாங் மைதானத்துக்கு நகர்ந்தது. அங்கே மேடை, டிஜே, பாட்டு. முதல் அடி விழுந்ததுமே எனக்குத் தெரிந்த இடி அது. டிராக்டருக்குப் பின்னால் நான் நடந்த அதே இடி. என் பக்கத்தில் முக்காடு போட்ட மலாய்ப் பெண்கள் ஆடினார்கள், அறுபது வயது சீன அம்மா ஒருவர் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே ஆடினார், வீட்டு வேலை செய்யும் பிலிப்பினோ பெண்கள் வட்டமாக நின்று ஆடினார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. நானும் ஆடினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நிறுத்தும்போது முழங்கால் நடுங்கியது, தொண்டை வறண்டிருந்தது, தண்ணீர் பிடிக்க ஓர் இடம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ரேஸ் நாள் என்பதால் ரயில் வழக்கத்தைவிட நேரம் கழித்து ஓடியது. நள்ளிரவு தாண்டித் தனியாக வீட்டுக்கு வந்தேன். சாவியைத் திருப்பும்போதுதான், வழியில் ஒரு இடத்தில்கூட நான் திரும்பிப் பார்க்கவில்லை என்று உறைத்தது.

இதைச் சொல்வதால் சிங்கப்பூரைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்த ரோட்டில் தடுப்பு போட்டவர்களில் புதுக்கோட்டை, சிவகங்கை ஆட்களை நான் பார்த்துப் பேசியிருக்கிறேன். டிக்கெட் விலை அவர்களுக்கு எட்டாது. பாடாங்கிலிருந்து நடக்கிற தூரத்தில் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் இருக்கிறது. நம் நகரத்தார் 1859இல் கட்டியது. அங்கே முடியும் தைப்பூச ஊர்வலத்தில் வாத்தியம் வாசிக்க 1973 முதல் தடை இருந்தது. 2016இல்தான் வழியில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கொடுத்தார்கள். கார் எஞ்சின் ஊரையே அதிரவைக்கலாம், உறுமி மேளத்துக்கு இடம் குறித்துக் கொடுப்பார்கள். எந்தச் சத்தத்துக்கு அனுமதி, யாருக்கு ஆட இடம் என்பதை எந்த ஊரிலும் யாரோ உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். நம் ஊரில் அது திருவிழாக் கமிட்டி.

பிறகொரு வருடம் அப்பா வந்திருந்தபோது ரேஸுக்குக் கூட்டிப்போனேன். காரை இரண்டு சுற்றுப் பார்த்தார். அதற்கு மேல் அவர் கண் முழுக்க மேடைப் பக்கம்தான். மேடையின் இரண்டு பக்கமும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோத்த லைன் அரே ஸ்பீக்கர்கள், வாழைத்தார் மாதிரி வளைந்து தொங்கின. மைதானத்தின் நடுவிலும் கம்பம் நட்டு ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். அப்பா மேடைக்கும் அந்தக் கம்பத்துக்கும் நடுவில் போய் நின்று கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு ஏதோ உடம்பு சரியில்லையோ என்று பயம். கண்ணைத் திறந்து, “ஏத்தா, சத்தம் ரெண்டாக் கேக்கலையே!” என்றார்.

அவர் சொன்னது ஆயுசு முழுக்க அவரைப் படுத்திய விஷயம். ஒலி ஒரு நொடிக்கு 340 மீட்டர் அளவில் போகும், ஒயரில் கரண்ட் கண நேரத்தில் போய்விடும். கோயிலில் ஒரு குழாய், கடைவீதியில் ஒரு குழாய், ஊர் எல்லையில் ஒன்று என்று கட்டினால், எல்லாம் ஒரே நேரத்தில் பாடும். நடுவில் நிற்பவருக்குப் பக்கத்துக் குழாயின் சொல் முதலில் வரும், தூரத்துக் குழாயின் அதே சொல் ஒரு நொடி கழித்து வரும். அர்ச்சனைப் பெயர் வாசித்தால் எல்லாம் இரண்டிரண்டாகக் குழம்பும். கமிட்டியில் ஒவ்வொரு வருடமும் அதற்குத் திட்டு வாங்குவார். பாடாங்கில், நடுக் கம்பத்து ஸ்பீக்கரை மேடைச் சத்தம் வந்து சேரும் வரை மில்லி செகண்ட் கணக்கில் தாமதப்படுத்திப் பாடவைக்கிறார்கள் என்று நான் விளக்கினேன். நான் பாதி சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. “அப்ப முன்னாடி உள்ளவன் பின்னாடி உள்ளவனுக்காகக் காத்து நிக்கிறான்” என்றார். அன்று ராத்திரி அவர் வேறு எதையும் பேசவில்லை.

குழாய்க்கு இப்போது அனுமதி இல்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்கு வருடத்தில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம். மைக் செட் வீட்டில் பிறந்த நான் இந்த விதியின் பக்கம்தான். பரீட்சைக்குப் படித்த ராத்திரிகளில் பக்கத்து ஊர்க் குழாய் என்ன பாடுபடுத்தும் என்று எனக்குத் தெரியும். ஆடுவதற்குப் பத்து மணிக்கு மேல்தான் என்று ஒன்றும் இல்லை. ஏழு மணிக்கு ஆரம்பித்தால் தாராளமாகப் போதும்.

இப்போது செட்டிநாட்டில் இன்னொரு விதமான ஆட்டம் வந்திருக்கிறது. கானாடுகாத்தான், காரைக்குடிப் பக்கம் பெரிய வீடுகளில் வெளியூர்க்காரர்கள் வந்து கல்யாணம் நடத்துகிறார்கள். முதல் நாள் ராத்திரி டிஜே. என் சிநேகிதி ஒருத்தியின் கல்யாணம் அப்படி ஒரு வீட்டில் நடந்தது. வளவில் நடு முற்றம், சுற்றிலும் தேக்குத் தூண், கீழே ஆத்தங்குடிக் கல், சுவரெல்லாம் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு. கையை வைத்தால் கண்ணாடி போல வழுக்கும். அந்தச் சுவருக்குச் சத்தத்தை விழுங்கத் தெரியாது, அப்படியே திருப்பி அடிக்கும். டிஜே கொண்டுவந்த நான்கு பெரிய பாக்ஸும் பட்டாலையைப் பார்த்து முழங்கியதில் பாட்டே புரியவில்லை. செட் போட்டவன் என் தம்பி. அவன் இரண்டு பாக்ஸை அணைத்துவிட்டு, மீதி இரண்டை முற்றத்துக்குள் இறக்கி, வானம் திறந்த பக்கம் சத்தம் போகிற மாதிரித் திருப்பினான். சுவரோரம் இருந்த நாற்காலிகளில் எல்லாம் ஜமுக்காளத்தை மடித்துப் போட்டான். கொஞ்சம் தெளிந்தது.

அங்கே பெண்கள் ஆடினார்கள். மணப்பெண்ணின் அம்மா, சித்திகள், ஆச்சிமார் எல்லாரும். ஆண்கள் ஓரமாக நின்று கைதட்டினார்கள். எனக்கு அதைப் பார்க்க நிறைவாகவும் இருந்தது, உறுத்தலாகவும் இருந்தது. தெருவுக்குத் தெரு நீளும் வீடும் மதிலும் வாடகைக்கு எடுக்கக் காசு இருந்தால், செட்டிநாட்டில் ஒரு பெண் ராத்திரி ஆடலாம். அதே ஊர்ப் பொட்டலில், தன் சொந்தத் திருவிழாவில், தன் அப்பன் தலைக்கட்டு வரி கொடுத்து வந்த பாக்ஸுக்கு அவள் ஆட முடியாது. சில ஊர்களில் ‘ஆடலும் பாடலும்’ மேடையில் பெண்கள் ஆடுகிறார்களே என்று கேட்பவர்கள் உண்டு. அது அவர்கள் பிழைப்பு, அதை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த மேடையைப் பார்த்துக் கீழே விழும் சொற்களை ஒரு முறை காது கொடுத்துக் கேட்டவர்கள், அதை இதோடு சேர்க்க மாட்டார்கள்.

அப்பத்தாவின் கும்மிக்கு வருகிறேன். எங்கள் பக்கம் அம்மனுக்குக் காப்புக் கட்டியதும் முளைப்பாரி போடுவார்கள். தட்டாம்பயறு, மொச்சை, பாசிப்பயறு என்று ஓட்டில் விதைத்து இருட்டறையில் வளர்ப்பார்கள். அது வளரும் நாள்களில் எல்லாம் ராத்திரி பெண்கள் கூடிக் கும்மியடிப்பார்கள், அதுதான் முளைக்கொட்டு. சாப்பாடு முடித்து, பாத்திரம் கழுவி, பிள்ளைகளை உறங்கவைத்துவிட்டு வருவார்கள். ஒருத்தி பாட்டை எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். குனிந்து ஒரு தட்டு, நிமிர்ந்து ஒரு தட்டு, ஒரு கால் வைத்துத் திரும்பு. அதே தட்டு, அதே திருப்பம், விடாமல். மெதுவாக ஆரம்பிக்கும் வட்டம் போகப் போக வேகம் எடுக்கும். அப்பத்தா எழுபது வயதில் அந்த வட்டத்தில் ஆடியதைப் பார்த்திருக்கிறேன். பகலில் முட்டி வலி என்று எழுந்திருக்க என் தோளைப் பிடிப்பவர், ராத்திரி மூச்சு வாங்காமல் சுற்றுவார். முகத்தில் யாரையும் அடையாளம் தெரியாத ஒரு பார்வை இருக்கும். பாடாங்கில் என் பக்கத்தில் ஆடியவர்களிடம் அதே பார்வையைப் பார்த்தேன்.

ஆக, திரும்பத் திரும்ப வரும் தாளம், இரவு, வெட்டவெளி, ஒருவரை ஒருவர் முறைக்காத வட்டம் எல்லாம் எங்கள் ஊர்ப் பெண்களிடம் எப்போதோ இருந்தது. அதைக் கொன்றது எங்கள் செட்டுதான் என்று நினைக்கிறேன். முளைக்கொட்டு நடக்கும் அதே நேரம் கோயில் வாசலில் பாக்ஸ் முழங்கினால், கைத்தட்டு எங்கே கேட்கும்? தட்டு கேட்காவிட்டால் வட்டம் கலைந்துவிடும். சின்னப் பிள்ளைகள் வராமல் போனார்கள். நாலைந்து கிழவிகள் சடங்குக்கு ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போவதோடு நின்றுவிட்டது.

தம்பியிடம் இதைச் சொன்னபோது அவன் சண்டைக்கு வரவில்லை. “அப்ப அந்த பாக்ஸ அவங்களுக்கே கட்டுவோம்” என்றான். கமிட்டியில் பேச அப்பா வந்தார். நாற்பது வருடம் குழாய் கட்டியவர் பேச்சுக்கு ஒரு மரியாதை இருந்தது. ஒன்பதரைக்கு நிறுத்திவிட வேண்டும், சினிமாப் பாட்டு கூடாது, ஆண்கள் யாரும் போன் தூக்கிப் படம் எடுக்கக் கூடாது. கடைசி நிபந்தனை நான் கேட்டு வாங்கியது.

என்ன போடுவது என்பதில்தான் சிக்கல். முதலில் தம்பி போனிலிருந்து ஒரு தாளத்தை ஓடவிட்டான். மெஷின் தாளம் ஒரே வேகத்தில் நிற்கும். பாட்டு எடுத்துக் கொடுக்கும் அத்தை நிற்க மாட்டார். மூன்றாம் சுற்றிலேயே அவர் முன்னால் போய்விட்டார், மெஷின் பின்னால் இழுத்தது. அத்தை பாட்டை நிறுத்திவிட்டு, “அத அமத்துப்பா, காலு மாறுது” என்றார். மும்பையில் சினிமா ஆர்கெஸ்ட்ராவில் வாசித்த சரண்ஜித் சிங், 1982இலேயே டிரம் மெஷின் மேல் ராகங்களை வாசித்து ஒரு ரெக்கார்ட் போட்டார். சிகாகோக்காரர்கள் அதே மாதிரி மெஷின்களைத் திருகி ஆசிட் ஹவுஸ் என்ற இசையைக் கொண்டுவரும் முன்பே அது வந்துவிட்டது. ராகம் மெஷினோடு ஒத்துப்போனது. கும்மி ஒத்துப்போகவில்லை. வேகம் அத்தையின் கையில் இருக்கிறது, அதை அவர் யாருக்கும் தர மாட்டார்.

தம்பி ஆர்கெஸ்ட்ராக்காரர் ஒருவரிடம், தட்டினால் டிரம் சத்தம் தரும் ரிதம் பேட் இரவல் வாங்கி வந்தான். அதில் ஒரே ஒரு கனமான அடியை மட்டும் வைத்துக்கொண்டு, அத்தையின் கையைப் பார்த்துக் கையாலேயே தட்டினான். அத்தைக்கு ஒரு சின்ன மைக். வட்டத்துக்கு வெளியே இரண்டு பாக்ஸ், உள்ளே பார்த்து, பாதிச் சத்தத்தில். முதல் குனிவுக்கு அடி விழுந்தபோது பெண்கள் கொஞ்சம் திடுக்கிட்டார்கள். இரண்டாவது சுற்றில் சிரித்தார்கள். நாலாவது சுற்றில், கல்லூரி போகும் பெண்கள் ஓரமாகச் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். வட்டம் போதாமல் வெளியே இன்னொரு வட்டம் உண்டானது. முடிகிற சமயம் நான் போனில் தட்டிப் பார்த்தேன், நிமிடத்துக்கு 120 அடியைத் தாண்டியிருந்தது. உலகம் முழுக்க ஹவுஸ் பாட்டு ஓடுகிற வேகம் அதுதான். அத்தைக்கு அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

பையன்களும் ஆட வேண்டும் என்று கேட்டார்கள். அத்தை யோசித்துவிட்டு, “உங்களுக்கு நாளைக்கு டிராக்டர் இருக்குல்ல?” என்று கேட்டார். அவர்களைத் தண்ணீர் கேனுக்கும், ஊரணிக் கரை வழியாக வீடு திரும்பும் பெண்களுக்கு டியூப் லைட் பிடிக்கவும் வைத்தோம். ஒழுங்காகவே செய்தார்கள். பொட்டலின் நாலு பக்கமும் கயிறு கட்டாமல் திறந்து வைக்கச் சொன்னேன். 2010இல் ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரில் லவ் பரேட் என்ற பெரிய டெக்னோ விழாவில், உள்ளே போகவும் வெளியே வரவும் ஒரே சுரங்கவழியை வைத்ததில் 21 பேர் நசுங்கிச் செத்தார்கள். ஆட்டம் கொன்றதில்லை, வழி கொன்றது. எங்கள் கூட்டம் சின்னதுதான், ஆனாலும் இந்த விஷயத்தில் சின்னது பெரியது பார்க்கக் கூடாது.

கமிட்டியில் ஒருவருக்குப் பிடிக்கவில்லை. முளைக்கொட்டு சாமி காரியம், அதில் என்ன பாக்ஸ் என்றார். சாமி காரியம் என்பதால்தான் பெண்கள் வந்தார்கள், வராமல் போனால் காரியம் எப்படி நடக்கும் என்று அத்தை அவரிடமே போய்ப் பேசினார். இரண்டு பேரும் தெருமுனையில் நின்று வெகுநேரம் பேசினார்கள். அவர் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அடுத்த நாள் அவர் வீட்டு மருமகள்கள் இரண்டு பேரும் வந்தார்கள்.

சென்னையில் 2024 ஆகஸ்ட் கடைசியில் தீவுத்திடலைச் சுற்றி மூன்றரை கிலோமீட்டர் ரோட்டில் இரவு ரேஸ் நடந்தது. நம் நாட்டில் முதல் தடவை. அடுத்து மதுரைப் பக்கம் வருமா, திருச்சியில் வருமா என்று சிநேகிதர்கள் பேசிக்கொள்கிறார்கள். வரட்டும், நானே டிக்கெட் எடுத்துப் போவேன். எஞ்சின் சத்தத்தின் மேல் எனக்கு உள்ள ஆசை குறையவே குறையாது. ரேஸ் முடிந்து பாட்டுப் போடும்போது பெண்கள் நிற்க எங்கே இடம், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று அதை நடத்துகிறவர்களிடம் முதலிலேயே கேட்கிற ஆட்கள் வேண்டும். எங்கள் கமிட்டியில் இப்போது அத்தை இருக்கிறார்.

போன மாதம் பக்கத்து ஊரிலிருந்து தம்பிக்கு போன். பேசியது ஒரு பெண். முளைக்கொட்டுக்கு மூன்று ராத்திரிக்கு பாக்ஸ் கட்ட என்ன வாடகை, பேட் வாசிக்க நீங்களே வருவீர்களா, இல்லை எங்கள் பிள்ளை ஒருத்தி வாசிக்கட்டுமா என்று கேட்டாராம். அந்தப் பிள்ளை பன்னிரண்டாவது படிக்கிறதாம், பள்ளிக்கூடத்து பேண்டில் டிரம் அடிக்கிறதாம். அவளே வாசிக்கட்டும், வாடகையில் பேட்டுக்குத் தனியாகக் காசு வேண்டாம் என்று தம்பி சொல்லிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை அவளுக்குச் சொல்லிக் கொடுக்க அத்தையைக் கூட்டிக்கொண்டு போகிறான்.